எந்த மென்பொருளுக்குக் கலைக்களஞ்சியத்தில் இடம்?

அச்சில் வந்த கலைக்களஞ்சியங்களுக்குத் தாள் ஒரு பெரிய பிரச்சினை. ஒரு தலைப்பைச் சேர்த்தால் இன்னொன்றைச் சுருக்க வேண்டும். 2001ஆம் ஆண்டு ஜனவரி 15 அன்று விக்கிப்பீடியா தொடங்கியபோது அந்தக் கவலை போயிற்று. இணையத்தில் தாளுக்கு ஏது பஞ்சம்? அப்படியானால் உலகில் உள்ள எல்லா மென்பொருளுக்கும் ஒரு கட்டுரை எழுதிவிடலாமே! ஆனால் நடந்தது வேறு.

இடம் தாராளமாக இருந்தது. எழுதியதைச் சரிபார்க்கத்தான் ஆள் போதவில்லை. அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் சீகந்தாலரைக் கென்னடி கொலையோடு சேர்த்துப் பேசிய ஒரு பொய்க் கட்டுரை, 2005ஆம் ஆண்டு சுமார் நான்கு மாதம் திருத்தப்படாமல் கிடந்தது. அதே ஆண்டு டிசம்பரில், பயனர் கணக்கு இல்லாதவர்கள் புதுக் கட்டுரை தொடங்குவதை ஆங்கில விக்கிப்பீடியா நிறுத்தியது.

எதற்குக் கட்டுரை வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதற்கும் ஒரு விதி உருவானது. அதன் பெயர் குறிப்பிடத்தக்கமை. ஒரு பொருளைப் பற்றி, அதோடு சம்பந்தமில்லாத நம்பகமான வெளியார் விரிவாக எழுதியிருக்க வேண்டும். செய்தவரின் சொந்த இணையதளமும் விளம்பர அறிக்கையும் இதற்குச் சான்று ஆகா. சந்தேகம் வந்தால் நீக்கல் விவாதம் நடக்கும். இப்போதைய வழக்கப்படி அதற்கு ஏழு நாள். அங்கே எத்தனை பேர் கை தூக்கினார்கள் என்பதைவிட, யார் சான்றோடு பேசினார்கள் என்பதே முக்கியம்.

பாதுகாப்பு மென்பொருள் விஷயத்தில் இந்தக் கண்டிப்பு மிகவும் தேவை. 2000களில் வின்ஃபிக்ஸர் போன்ற போலி மென்பொருள்கள், "உங்கள் கணினியில் வைரஸ் இருக்கிறது" என்று பயமுறுத்திப் பணம் பறித்தன. 2008 டிசம்பரில் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் இவற்றுக்கு எதிராக நீதிமன்றம் சென்றது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஏமாந்ததாக அது சொன்னது. இப்படிப்பட்டவர்கள் தாங்களே எழுதிய கட்டுரை கலைக்களஞ்சியத்தில் நின்றால், திருடனுக்கு நாமே நற்சான்றிதழ் கொடுத்தது போல ஆகும்.

ஆனால் விதிக்கு மறுபக்கமும் உண்டு. நல்ல காவலாளி இருக்கும் தெருவில் செய்தி எதுவும் நடக்காது. ஒழுங்காக வேலை செய்யும் பாதுகாப்பு மென்பொருளைப் பற்றிப் பத்திரிகைகளும் எழுதுவதில்லை. இணையத்தின் பெரும்பகுதி நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கு ஆண்டு நன்கொடை சுமார் 2,000 டாலர்தான். 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளியான பிறகே அந்தக் கணக்கு உலகுக்குத் தெரிந்தது. மின்னஞ்சலை மறையாக்கம் செய்யும் குனு பிரைவசி கார்டை, 1997 முதல் ஜெர்மனியின் வெர்னர் கோக் பெரும்பாலும் தனியாளாகவே பார்த்துவந்தார். 2015 பிப்ரவரியில் புரோபப்ளிகா அவரது பண நெருக்கடியைப் பற்றி எழுதியதும் ஃபேஸ்புக்கும் ஸ்ட்ரைப்பும் ஆண்டுக்கு ஆளுக்கு 50,000 டாலர் தர முன்வந்தன. ஒரே ஒரு கட்டுரை செய்த வேலை அது!

இவை இரண்டும் பெரிய கருவிகள். இவற்றுக்குக் கலைக்களஞ்சியத்தில் இடமும் கிடைத்துவிட்டது. இவற்றுக்கே இந்த நிலை என்றால், ஒருவர் எழுதி, சில நூறு கணினி நிர்வாகிகள் மட்டும் பயன்படுத்தும் சிறு கருவியை யார் கண்டுகொள்வார்கள்? அதை எழுதியவரே கட்டுரை தொடங்கினால் விளம்பரம் என்பார்கள். அதைப் பயன்படுத்துகிறவர் வலைப்பதிவில் புகழ்ந்தாலும் அது பொதுவாகச் சான்றாக ஏற்கப்படாது.

இதற்காக விதியைத் தளர்த்தினால் போலிகள்தான் முதலில் உள்ளே நுழையும். ஆகவே விதி இருக்கட்டும். அதன் தீர்ப்பை நாம் சரியாகப் புரிந்துகொண்டால் போதும். "குறிப்பிடத்தக்கது அல்ல" என்றால் "பயனற்றது" என்று பொருள் இல்லை. வெளியார் யாரும் இன்னும் அதைப் பற்றி எழுதவில்லை என்பதே பொருள். கலைக்களஞ்சியம் பிறர் எழுதியதைத் தொகுக்கும் இடம். ஓட்டை விழுவதற்கு முன்பே ஒரு நல்ல கருவியை ஆராய்ந்து எழுத வேண்டியவர்கள் பத்திரிகையாளர்களும் ஆய்வாளர்களும்தான். அவர்கள் எழுதினால் கலைக்களஞ்சியத்தின் கதவு தானே திறக்கும்.