வெண்பட்டும் வில்நாணும்: சீன மருத்துவர் ஈரல்நோய் அறிந்த வரலாறு

மஞ்சட்காமாலை என்றவுடன் நம் நினைவுக்கு வருவது கல்லீரல். பழஞ்சீன மருத்துவரின் எண்ணமோ முதலில் மண்ணீரலை நோக்கியே சென்றிருக்கும். மரம், தீ, மண், உலோகம், நீர் என்னும் ஐந்தனுள் மஞ்சள் மண்ணின் நிறம். மண்ணுக்குரிய உறுப்பு மண்ணீரல் என்பது அவர்தம் கொள்கை. தமிழிலும் அவ்வுறுப்பின் பெயரில் மண் ஒட்டியிருத்தல் சுவையானதே. அதுகொண்டு உறவு கற்பித்தல் வேண்டா.

கல்லீரல் மரத்தின் கூறு. கி.மு. இரண்டு, ஒன்றாம் நூற்றாண்டுகளில் தொகுக்கப்பெற்றதாக அறிஞர் பலர் கருதும் 'மஞ்சள் பேரரசரின் அகநூல்' அதற்குப் படைத்தலைவன் பதவியைத் தருகிறது. இளவேனில், புளிப்பு, சினம், கண், தசைநார், நகம் ஆகியன அதன் சுற்றம். எனவே ஈரல்நோய் அறிய வந்தவர் வயிற்றோடு நின்றாரல்லர். கண் மங்குகிறதா, நகம் வறண்டு வெடிக்கிறதா, விலாப்புறம் விம்மி வலிக்கிறதா, வாய் கசக்கிறதா, அடக்கிய சினம் உண்டா என ஆராய்ந்தார். பிற்காலத்தில் நாவின் இரு ஓரங்களும் ஈரலுக்குரியனவாயின. முகத்தில் அவர் தேடிய நிறம் 'சிங்'. பச்சையையும் நீலத்தையும் ஒருங்கே தழுவும் அச்சொல் மொழிபெயர்ப்பாளர்க்கு இன்றும் இடர் தருவது.

பின்னர் நாடி. இடக்கை மணிக்கட்டில் நடுவிரல் படியும் இடம் ஈரலுக்குரியது. ஈரல் வலப்புறம் இருக்க, நாடியை இடக்கையில் பார்ப்பதேன்? உடற்கூறு அறியாமை என்று ஒதுக்குதல் பொருந்தாது. 81 வினாக்களைக் கொண்ட 'இடர்நூல்' ஈரலின் எடையைக் கூறுவதோடு, இடம் மூன்று, வலம் நான்கு என ஏழு மடல்களையும் எண்ணிச் சொல்கிறது. தெற்கு நோக்கி அமர்ந்த அரசனுக்கு ஞாயிறு எழும் கிழக்கு இடப்புறம். மரத்துக்குரிய திசை கிழக்கு. ஆதலின் ஈரலும் இடம் சார்ந்தது. ஈரல் என்பது உறுப்பின் பெயராக மட்டுமன்றி, உடலில் நிகழும் ஒரு செயலின் பெயராகவும் நின்றது.

ஈரல்நாடியின் பெயர் 'ஷியென்', அதாவது நாண். உயர்த்திய நெடுங்கழியின் நுனிபோல் மெல்ல அசைந்தால் நலம். புதிதாக ஏற்றிய வில்லின் நாண்போல் விறைத்தால் சாவு என அகநூல் வேறுபடுத்தும். உவமையால் நோய் காணும் இம்முறையின் இடர்ப்பாட்டைக் கவிஞர்க்கு விளக்க வேண்டுவதில்லை. கி.பி. 3ஆம் நூற்றாண்டில் 24 வகை நாடிகளைத் தொகுத்த வாங் ஷூஹே, நாண்நாடியும் இறுக்கநாடியும் ஒன்றுபோல் மயக்குவன என்றும், உள்ளத்துக்கு எளிதாவது விரலுக்குத் தெளிவதில்லை என்றும் தம் முன்னுரையிலேயே ஒப்புக்கொண்டார். நாடி தவறினால் மருந்து தவறும். மருந்து தவறினால் உயிர்க்கு இறுதி.

காமாலையில் விரலைவிடக் கண் உதவிற்று. கி.பி. 200ஐ ஒட்டி வாழ்ந்த ஜாங் ஜோங்ஜிங் உணவால் வருவது, மதுவால் வருவது, கருமை காட்டுவது என அதனை வகுத்து, 18 நாளை எல்லையாக வைத்தார். ஈரல்நோயைக் கண்டால் அடுத்து அது மண்ணீரலைத் தாக்கும் என்றறிந்து, முன்னதாகவே மண்ணீரலை வலுப்படுத்த வேண்டும் என்பதும் அவர் நெறி.

752இல் வாங் தாவ் தொகுத்த பெருநூலில் வேறொரு முறை காணப்படுகிறது. இரவுதோறும் நோயாளியின் சிறுநீரில் வெண்பட்டுத் துண்டொன்றை நனைத்து, அதில் நாளைக் குறித்து வைத்தனர். மஞ்சள் படிப்படியாக வெளுத்தால் நோய் தணிகிறது என்பது பொருள். இங்கே உவமை இல்லை. நேற்றைய துண்டும் இன்றைய துண்டும் அருகருகே கிடக்கும். ஐயுறுவோர் எவரும் பார்த்துக்கொள்ளலாம். நாடிநூல்கள் அனைத்தினும் இத்துண்டுகள் நம்பத்தக்கன எனலாம்.

வாங் சிங்ரென் என்பார் 1797இல் லுவான்ஜோவில் கொள்ளைநோயில் மாண்டு, ஆழப் புதைக்கப்படாது கிடந்த குழந்தைகளின் உடல்களை நாள்தோறும் சென்று கண்டு, பழைய உறுப்புப் படங்கள் பிழை எனத் துணிந்தார். 1830இல் அவர் நூல் வெளிவந்தது. அதன் பின்னும் ஈரல்நாடி இடக்கையிலேயே நின்றது.

மேலை மருத்துவம் சீனத்துள் புகுந்தபோது கல்லீரலுக்குப் பழைய 'கான்' என்னும் சொல்லே பயன்பட்டது. மஞ்சள் தோன்றாமலே பல்லாண்டு உடலில் உறையும் ஹெப்படைட்டிஸ்-பி கிருமியை விரலும் காணாது, வெண்பட்டும் காட்டாது. 1960களில் புளூம்பெர்க் கண்டறிந்த எதிர்ச்செனியின் வழியே குருதிச் சோதனை அதனைக் காட்டிற்று. இன்றைய சீனத்தின் மரபு மருத்துவமனைகளில் குருதிச் சோதனைத் தாளும் நாடிக் குறிப்பும் ஒன்றாகவே வைத்துப் பார்க்கப்படுகின்றன. இரண்டிலும் 'கான்' என்றே எழுதியிருக்கும். தாளில் அது வலப்புறத்து உறுப்பு. குறிப்பில் இன்னும் படைத்தலைவன்.