மறைத்தும் காட்டும் திரை

செய்தி வாசிப்பவரின் பெயரைத் தாங்கிவரும் மெல்லிய நிறப்பட்டையின் ஊடே பின்னுள்ள காட்சியும் மங்கலாகத் தோன்றுவதைத் தொலைக்காட்சியில் காண்கின்றோம். முற்காலத்தில் கரிய அட்டையில் வெண்ணிற எழுத்துகளைத் தீட்டி, அவற்றைக் காட்சியின்மீது பொருத்தினர்.

கணினிப் படங்களில் இம்முறையை வளப்படுத்தியோர் எட் கட்மல், அல்வி ரே ஸ்மித் என்னும் இருவராவர். 1977ஆம் ஆண்டளவில் நியூயோர்க் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய அவர்கள், சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று அளவுகளோடு, ஒவ்வொரு புள்ளியும் பின்னுள்ளதை எவ்வளவு மறைக்கும் என்று கூறும் நான்காம் அளவையும் இணைத்தனர். அதற்கு அல்பா எனப் பெயரிட்டனர். நிறத்தை அல்பாவினால் முன்னரே பெருக்கிவைக்கும் முறையை 1984இல் தொமஸ் போர்ட்டர், தொம் டவ் ஆகியோர் விளக்கினர்.

நேரடி ஒளிபரப்பில் நிறப்படமும், மறைப்பளவைக் காட்டும் கறுப்பு வெள்ளைப் படமும் ஒருங்கே கலவைப் பொறியை அடைகின்றன. வெண்மை முற்றாக மறைக்கும், கருமை மறைக்காது, சாம்பல் நிறம் இடைநிலையாகும். முன்னரே பெருக்கிய நிறத்தைப் பொறி மீண்டும் பெருக்கினால், அரைப்பங்கு நிறம் காற்பங்காகக் குன்றும். எழுத்தைச் சுற்றிக் கரிய விளிம்பு படரும். திரைப்படத்தில் இப்பிழையைப் பின்னர் திருத்தலாம். நேரடி ஒளிபரப்பிலோ பிழையும் அக்கணமே மக்களைச் சென்றடைந்துவிடும். ஆதலின், பெருக்கல் ஒருமுறையே நிகழ்தல் வேண்டும் என்பதை ஒளிபரப்பிற்கு முன்னரே உறுதிசெய்வது கலைஞரின் கடமையாயிற்று.