மக்தூப் - ஒரு பழைய சண்டை

கொச்சியில 1996-ல ஆரம்பிச்ச மதர்ஜேன், 2008-ல தான் தங்களோட ரெண்டாவது ஆல்பம் 'மக்தூப்'பை வெளியிட்டாங்க. அரபியில மக்தூப்னா 'எழுதப்பட்டது'. நம்ம பேச்சுல சொன்னா தலையெழுத்து.

அப்போ கூடுவாஞ்சேரியில இருந்து தாம்பரம் போற லோக்கல்ல, ஒரே இயர்ஃபோனை ஆளுக்கொரு காதுல மாட்டிக்கிட்டு நானும் நண்பனும் 'சேஸிங் தி சன்' கேட்டோம். பைஜு தர்மஜன் கிட்டார் கம்பியை இழுத்தும் வழுக்கியும் கமகம் வாசிச்சிருந்தார். எனக்குக் கடுப்பு. "மச்சி, இது மெட்டலே இல்லடா. கச்சேரிக்கு டிஸ்டார்ஷன் போட்டிருக்காங்க"ன்னேன். முதல் ஆல்பம் 'இன்சேன் பயோகிராஃபி'யே தேவலைன்னு சாதிச்சேன்.

அவன் கேட்டான்: "1970-ல பர்மிங்காம்ல பிளாக் சாபத் என்னடா பண்ணாங்க? காதுல கிடந்த ப்ளூஸைத்தானே கனமாக்கினாங்க? நம்ம காதுல கிடக்கறது கமகம். அதைக் கனமாக்கினா மட்டும் தப்பா?"

பதில் இல்லை. வீம்புக்கு வண்டலூர் வரைக்கும் கத்தினேன். ரசிகர்கள் பலரும் மக்தூப்பைக் கொண்டாடினதே அந்தக் கிட்டாருக்காகத்தான்.

2010-ல பைஜு குழுவை விட்டு விலகினார். அந்த ராத்திரி 'ஃபீல்ட்ஸ் ஆஃப் சவுண்ட்' போட்டுக் கேட்டேன். காலையில அம்மா வைக்கிற ரேடியோ சத்தத்துல இருந்து தப்பிக்கத்தான் நான் மெட்டலுக்கே ஓடினேன். அது அங்கேயும் வந்து நின்னதுதான் என் கடுப்புன்னு அன்னைக்குத்தான் உறைச்சது.

நண்பன் இப்போ எங்கேன்னு தெரியலை. நீ சொன்னதுதான் சரி மச்சி.