வான் வில்லிபிராண்ட் காரணியின் மல்டிமர் ஆய்வு

வான் வில்லிபிராண்ட் காரணி, மனித ரத்தப் பிளாஸ்மாவில் கரைந்திருக்கும் புரதங்களிலேயே மிகப் பெரியது. காயம்பட்ட ரத்தக் குழாயின் சுவரோடு தட்டணுக்களைப் பிணைப்பதும், ரத்தம் உறையத் தேவையான எட்டாம் காரணியைச் சுமந்து காப்பதும் இதன் பணிகள். இப்புரதத்தை அகரோஸ் ஜெல்லில் மின்சாரம் செலுத்தி, மூலக்கூறுகளின் பருமன் வாரியாகப் பிரித்துப் பார்க்கும் ஜெல் எலக்ட்ரோபோரேசிஸ் சோதனையே மல்டிமர் ஆய்வு. ரத்தத்தில் இப்புரதம் எவ்வளவு உள்ளது என்பதைப் பிற சோதனைகள் சொல்லிவிடும். எந்தெந்தப் பருமனில் உள்ளது என்பதை நேரடியாகக் காட்டுவது இந்த ஆய்வுதான்.

அமைப்பு

ரத்தக் குழாய்களின் உட்சுவர்ச் செல்களிலும், தட்டணுக்களை ஈனும் மெகாகாரியோசைட் செல்களிலும் இப்புரதம் உருவாகிறது. ஓர் அலகில் 2050 அமினோ அமிலங்கள் உள்ளன. அதன் நிறை ஏறத்தாழ 250 கிலோடால்டன். அலகுகள் முதலில் இரண்டிரண்டாகச் சேர்கின்றன. பிறகு அந்த இரட்டைகள் டைசல்பைடு பிணைப்புகளால் கோக்கப்பட்டு நீண்ட சங்கிலிகளாகின்றன. இவையே மல்டிமர்கள். மிகச் சிறியதன் நிறை 500 கிலோடால்டன். மிகப் பெரியவை 20,000 கிலோடால்டனையும் எட்டும். பிளாஸ்மாவில் மிகுதியாக உள்ள ஆல்புமினின் நிறை சுமார் 66 கிலோடால்டன்தான்.

சங்கிலி நீள நீள, தட்டணுக்களைப் பற்றும் வலிமையும் கூடுகிறது. அளவுக்கு மீறிய நீளம் ஆபத்தானது என்பதால் அடாம்ட்ஸ்-13 என்னும் நொதி இச்சங்கிலிகளை வெட்டிக் குறைக்கிறது. அந்நொதி கடுமையாகக் குறைந்தால் நுண்குழாய்களில் தட்டணுக் கட்டிகள் அடைத்து, உயிருக்கே ஆபத்தான நோய் உண்டாகும்.

வரலாறு

பின்லாந்து மருத்துவர் எரிக் வான் வில்லிபிராண்ட், ஓலாந்து தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் ரத்தப்போக்கு நோயை 1926-இல் விவரித்தார். இக்காரணியின் குறையால் வரும் அந்நோய் இன்று அவர் பெயரால் வழங்குகிறது. அக்குடும்பத்துச் சிறுமி ஒருத்தி 13 வயதில் மாதவிடாய் ரத்தப்போக்கால் இறந்தாள். பெரும்பாலும் ஆண்களையே தாக்கும் ஹீமோபிலியாவிலிருந்து இது வேறானது என்றும், இரு பாலாருக்கும் வருவது என்றும் அவர் கண்டார்.

மின்புலத்தில் புரதங்களைப் பிரிக்கும் முறையை ஸ்வீடனின் ஆர்னே டிசெலியஸ் 1937-இல் செம்மைப்படுத்தினார். 1948-இல் நோபல் பரிசு பெற்றார். ஆலிவர் ஸ்மித்தீஸ் 1955-இல் ஸ்டார்ச் ஜெல்லைப் பயன்படுத்தியது ஜெல் முறைகளுக்கு வழிதிறந்தது. வான் வில்லிபிராண்ட் காரணியின் மல்டிமர்களை அகரோஸ் ஜெல்லில் பிரித்துக் காட்டிய ஆய்வுகள் 1980-ஐ ஒட்டி வெளிவந்தன. ருகேரி, சிம்மர்மன் ஆகியோரின் பணி இதில் முதன்மையானது.

அகரோஸின் பங்கு

புரத ஆய்வில் வழக்கமாகப் பயன்படும் பாலிஅக்ரிலமைடு ஜெல்லின் துளைகள் மிக நுண்ணியவை. இவ்வளவு பெரிய மூலக்கூறுகள் அவற்றுள் நுழையா. அகரோஸின் துளைகள் அகன்றவை. சிவப்புக் கடற்பாசிகளிலிருந்து கிடைக்கும் அகரின் ஒரு கூறே அகரோஸ். மன்னார் வளைகுடாக் கரையில் பெண்கள் கடலில் இறங்கிச் சேகரிக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் அகர் தரும் இனமே.

செய்முறை

சோடியம் சிட்ரேட் உள்ள குழாயில் எடுத்த ரத்தத்தைச் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரிக்கின்றனர். அதை எஸ்டிஎஸ் (சோடியம் டோடெசைல் சல்பேட்), யூரியா கலந்த கரைசலில் நீர்க்கச் செய்து, சுமார் 60 டிகிரி செல்சியஸில் சூடாக்குகின்றனர். எஸ்டிஎஸ் எல்லா மூலக்கூறுகளுக்கும் எதிர்மின்னூட்டம் தருவதால், எது முன்னே செல்லும் என்பதைப் பருமனே தீர்மானிக்கிறது. பிற புரத ஆய்வுகளில் சேர்க்கும் மெர்காப்டோஎத்தனால் இங்கு விலக்கப்படுகிறது. சேர்த்தால் டைசல்பைடு பிணைப்புகள் அறுந்து சங்கிலிகள் சிதறிவிடும்.

ஜெல்லின் செறிவு பொதுவாக 0.8 முதல் 2 சதவீதம் வரை இருக்கும். குறைந்த செறிவு பெரிய மல்டிமர்களையும், கூடிய செறிவு ஒவ்வொரு பட்டையின் உட்பிரிவுகளையும் தெளிவாக்கும். குறைந்த மின்னோட்டத்தில், குளிர்ச்சியில், பல மணி நேரம் ஜெல் ஓடுகிறது. பிறகு புரதங்களைச் சவ்வுக்கு மாற்றி, இக்காரணியை மட்டும் பற்றும் ஆன்டிபாடியால் பட்டைகளைப் புலப்படுத்துவர். இயல்பான பிளாஸ்மாவும் அதே ஜெல்லில் ஓட வேண்டும். ஒப்பிட்டே முடிவு கூற இயலும்.

பட்டைகள் சொல்வது

இயல்பான பிளாஸ்மாவில் பட்டைகள் ஏணிப்படிகளாகத் தெரியும். பெரியவை மேலே, சிறியவை கீழே. வான் வில்லிபிராண்ட் நோயின் முதல் வகையில் எல்லாப் பட்டைகளும் இருந்தாலும் மங்கியிருக்கும். இரண்டாம் வகையின் உட்பிரிவான 2ஏ வகையில் பெரியவையும் நடுத்தரமானவையும் இல்லாமற்போகும். 2பி வகையில் பெரும்பாலும் மிகப் பெரியவை குறையும். 2எம், 2என் வகைகளில் வரிசை ஏறக்குறைய முழுமையாக இருக்கும். குறை செயல்பாட்டில் இருக்கும். மூன்றாம் வகையில் பட்டைகளே தென்படா.

சிகிச்சையைத் தேர்வதற்கு இப்பகுப்பு இன்றியமையாதது. சேமிப்பிலுள்ள காரணியை வெளிவிடச் செய்யும் டெஸ்மோபிரெசின் மருந்து மூன்றாம் வகைக்குப் பயன்படாது. 2பி வகையில் தட்டணுக்களை மேலும் குறைக்கக்கூடும்.

தமிழ்நாட்டுச் சூழல்

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி, மும்பை தேசிய நோயெதிர்ப்பு ரத்தவியல் நிறுவனம் ஆகியவை இந்தியாவில் ரத்தப்போக்கு நோய்களை நெடுங்காலமாக ஆராய்ந்து வருகின்றன. உலக அளவில் அரிதான மூன்றாம் வகை, இந்திய மருத்துவமனைப் பதிவுகளில் கூடுதலாகக் காணப்படுகிறது. லேசான வகைகள் கண்டறியப்படாமலே போவதும், நெருங்கிய உறவில் நடக்கும் திருமணங்களும் இதற்குக் காரணங்களாகக் கருதப்படுகின்றன.

ஒட்டன்சத்திரத்தில் கிறிஸ்டியன் பெல்லோஷிப் மருத்துவமனை 1955 முதல் கிராமப்புற மக்களுக்குச் சேவை செய்து வருகிறது. அத்தகைய ஊர்களிலிருந்து 300 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள வேலூர் போன்ற இடத்துக்கு மாதிரி செல்ல நேர்ந்தால், அதைக் கையாளும் விதமே முடிவைத் தீர்மானிக்கும். பிளாஸ்மாவைப் பிரிக்காத ரத்தத்தை ஐஸில் வைத்தால் பெரிய மல்டிமர்கள் குறைந்து, நலமானவர்கூட நோயாளியாகத் தோன்றலாம். ரத்தத்தை அறை வெப்பநிலையில் வைத்து, சில மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவைப் பிரித்து உறையவைத்து, உலர்பனியில் அனுப்புவதே முறை.

வரம்புகள்

இந்த ஆய்வு தனித்து நோயை உறுதிசெய்யாது. காரணியின் அளவு, செயல்பாடு, எட்டாம் காரணியின் அளவு ஆகியவற்றோடு சேர்த்தே படிக்க வேண்டும். ஓ ரத்தப் பிரிவினருக்கு இக்காரணி இயல்பாகவே குறைவு. கர்ப்பகாலத்திலும் மன அழுத்தத்திலும் கூடும். ஒரே நாளில் முடியும் பகுதி-தானியங்கிக் கருவிகள் இப்போது வந்துள்ளன. ஆனால், அதிக மாதவிடாய் ரத்தப்போக்கை ‘பெண்களுக்கு இயல்புதான்’ என்று ஒதுக்காமல் சோதனைக்கு அனுப்பினால்தான் எந்தக் கருவியும் பயன்தரும்.