பழவேற்காட்டுக் கைக்குட்டை: சாயநூலும் பெயர் வரலாறும்

சோழமண்டலக் கடற்கரையிலிருந்து அயல்நாடு சென்ற துணிவகைகளுள் பூவேலை எழுதிய சீலைகளே ஆராய்ச்சியாளர் கருத்தைப் பெரிதும் கவர்ந்துள்ளன. அவற்றோடு ஒரே கலத்தில் சென்ற கட்டமிட்ட குட்டைகள் அத்துணைப் பெருமை பெறவில்லை. எனினும், ஒரு முழத் துணியாகிய அக்குட்டை உலகின் பல மொழிகளில் தமிழ்நாட்டு ஊர்ப்பெயர்களைப் பதித்துள்ளது. பெயர் நிலைத்த அளவுக்கு அதனைப் பெற்றுத்தந்த தொழில் நிலைத்ததா என்பதனை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. எழுதிய சீலையும் சாயநூல் குட்டையும்

இருவகைத் துணிகளுக்கும் உள்ள வேறுபாட்டை முதற்கண் உணர்தல் வேண்டும். எழுதிய சீலையில் நெசவு முந்தியது, வண்ணம் பிந்தியது. கட்டமிட்ட குட்டையிலோ வண்ணம் முந்தியது, நெசவு பிந்தியது. நூலைக் கழிகழியாகச் சாயமிட்டு உலர்த்தி, நிறம் நிறமாகப் பாவில் அடுக்கி, அதே முறைமையில் ஊடையும் இட்டு நெய்வர். நெட்டுக்கோடும் குறுக்குக்கோடும் சந்திக்குமிடத்தில் இருநிறமும் கலந்து மூன்றாவது நிறம் தோன்றும். நூல் முழுவதும் சாயம் ஏறியிருத்தலின் துணிக்கு முகம் இது, முதுகு இது என்னும் வேறுபாடு இல்லை. பல குட்டைகளை ஒரே துணியாக நெய்து, வாங்குவோர் கரையை நோக்கி அறுத்துக்கொள்ள விடுதலே வழக்கம்.

ஆகவே, இக்குட்டையின் சிறப்பிற் பெரும்பகுதி தறியில் ஏறுமுன்னரே சாயக்காரர் கையில் முடிவாகிவிடுகிறது.

2. சிவப்பும் நீலமும்

சிவப்பினைத் தந்தது சாயவேர். இம்பூறல் என்றும் வழங்கும் இச்சிறுசெடி கடற்கரை மணலில் வளர்வது. வில்லியம் ராக்சுபரோ 1795இல் வெளியிடத் தொடங்கிய சோழமண்டலக் கடற்கரைச் செடிகள் பற்றிய பெருநூலில் இதனை விளக்கியுள்ளார். மன்னார், யாழ்ப்பாணப் பகுதிகளில் விளைந்த வேரைத் தோண்டும் உரிமையை ஒல்லாந்தர் தம் ஆட்சிக்காலத்தில் தமக்கே உரியதாக்கிக்கொண்டனர். இவ்வேரின் மதிப்பு எத்தகையது என்பதற்கு அதுவே சான்று.

வேரை மட்டும் நீரிற் கொதிக்கவைத்தால் பஞ்சுநூல் சிவப்பை ஏற்காது. எண்ணெயையும் சாம்பற்காரத்தையும் கலந்து, அதில் நூலைப் பன்முறை தோய்த்து வெயிலிற் காயவைப்பர். பின்னர்ப் படிகாரச் சத்து ஏற்றி, அதன்பின்னரே சாயவேரோடு கொதிக்கவைப்பர். காசா எனப்படும் காயா இலையும் இத்தொழிலில் இடம்பெற்றது. காயாவின் நீலமலரைப் புலவர் அறிவர். அதன் இலையின் பயனைச் சாயக்காரர் அறிந்திருந்தனர். அவ்விலையில் படிகாரத்திற் போலவே அலுமினியச் சத்து மிக்கிருத்தலை இன்றைய வேதியியல் காட்டுகிறது. எண்ணெய், படிகாரம், வேரின் செஞ்சத்து ஆகிய மூன்றும் இழையோடு பிணைந்து இறுகுதலால், வெளுக்க வெளுக்க மங்காத நிறம் கிடைத்தது.

நீலம் அவுரியால் வந்தது. சுண்ணாம்பு நீரில் தகரை விதையை அவித்துச் சேர்த்துத் தாழியைப் புளிக்கவிடுவர். தாழியிலிருந்து எடுக்கும்போது மஞ்சளும் பச்சையுமாகத் தோன்றும் நூல் காற்றுப்பட்டதும் நீலமாகும். தாழி பக்குவம் அடைந்ததை மணத்தாலும் நிறத்தாலும் அறிதல் பழகியவர்க்கே இயலும்.

3. ஊர்ப்பெயர் பொருட்பெயரானமை

பழவேற்காடு இத்துணிகளின் ஏற்றுமதித் துறையாக விளங்கியது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய துவார்த்தே பர்போசா என்னும் போர்ச்சுகீசியர் இவ்வூரையும், இங்கிருந்து மலாக்காவுக்குத் துணிகள் சென்றதையும் குறித்துள்ளார். ஒல்லாந்தர் 1613இல் இங்குக் கெல்திரியாக் கோட்டையை நிறுவினர். 1690இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை சோழமண்டல வாணிகத்தை இங்கிருந்தே நடத்தினர். உள்நாட்டு ஊர்களில் நெய்த துணிகளும் துறையின் பெயரையே பெற்றன.

மலாய் மொழியில் கட்டமிட்ட இடுப்புத்துணி 'கைன் பெலிக்காட்' எனப்படும். ஆங்கிலத்தில் 'புலிகட்' என்பது கைக்குட்டையின் பெயராயிற்று. மெக்சிகோவில் பூவேலை அமைந்த குட்டையைப் 'பலியகாத்தே' என்பர். இச்சொல்லைப் பழவேற்காட்டோடு இணைப்போரும், அந்நாட்டு நாவாத்து மொழியிலிருந்து வந்ததெனக் கொள்வோரும் உளர். போர்ச்சுகீசியர் பழவேற்காட்டுக்கு இட்ட பெயர் அதே ஒலியுடையதாதல் முதற்கருத்துக்கு வலிமை தருகிறது. பிரெஞ்சுக்காரர் குட்டையை 'மதராஸ்' என்றனர். நைசர் ஆற்றுக் கழிமுகத்தருகே வாழும் மக்களிடையே இத்துணிவகைகளுள் சில 'ஜார்ஜ்' எனப்படுதல் சென்னைக் கோட்டையின் பெயரால் என்பர்.

இங்கு நாம் எண்ணுதற்குரியது ஒன்றுண்டு. உலகுக்குப் பெயர் ஈந்த நாம், அக்குட்டைக்குப் பிறர் சொற்களையும் ஏற்றுள்ளோம். உருமால் பாரசீகச் சொல். முகம் துடைப்பது என்பது பொருள். இலேஞ்சி போர்ச்சுகீசியச் சொல். கைக்குட்டை நம் சொல். சரக்கு வெளிச்செல்லும் வழியே சொல் உள்வருதலை இம்மூன்றும் காட்டுகின்றன.

4. குட்டை முந்தியது, மக்கள் பிந்தினர்

மார்த்தினிக்கு, குவாதலூப்பு முதலிய கரிபியத் தீவுகளில் பெண்டிர் தலையிற் கட்டும் 'மதராஸ்' துணி, ஒப்பந்தத் தொழிலாளராய்ச் சென்ற தமிழர் கொண்டுசென்றது என்னும் கருத்து உலவுகிறது. கால ஆராய்ச்சி இதனை ஏற்பதற்கில்லை. பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறை ஒழிந்தது 1848இல். தமிழரை ஏற்றிய முதற்கப்பல் மார்த்தினிக்கை அடைந்தது 1853இல். குவாதலூப்பை அடைந்தது 1854இல். ஆனால், டொமினிக்காவில் வாழ்ந்து 1796இல் இறந்த அகோசுத்தினோ புரூனியாசு என்னும் ஓவியர் தம் படங்களிற் கட்டமிட்ட தலைக்குட்டை அணிந்த பெண்டிரை வரைந்துள்ளார். ஆதலின், குட்டை அரை நூற்றாண்டுக்கு மேலாக முந்திச் சென்றுவிட்டது என்பது தெளிவு.

அது சென்ற வழியோ மகிழ்தற்குரியதன்று. ஆப்பிரிக்கக் கரையில் அடிமைகளை விலைக்குக் கொள்ள ஐரோப்பியர் கொடுத்த சரக்குகளுள் இந்தியத் துணியும் முதன்மையான ஒன்று. விற்கப்பட்டவரின் வழித்தோன்றல்கள் அக்கரையில் அதே வகைத் துணியைத் தலையிற் கட்டினர். 1786இல் நியூ ஆர்லியன்சை ஆண்ட எசுதேபன் மீரோ, ஆப்பிரிக்க வழிவந்த பெண்டிர் தம் கூந்தலைத் துணியால் மறைத்தல் வேண்டும் என ஆணையிட்டார். அவர்களைத் தாழ்த்தக் கருதிய அவ்வாணையை, ஒளிமிக்க குட்டைகளை உயரக் கட்டி அவர்கள் அணியாக மாற்றிக்கொண்டனர்.

நைசர்க் கழிமுகத்துக் கலபாரி மக்களோ இத்துணியைப் பிறிதொரு வகையில் தமதாக்கினர். கட்டத் துணியில் தேர்ந்த இழைகளை மட்டும் அறுத்து உருவி, அவர்தம் பெண்டிர் புதுக்கோலம் படைத்தனர். நிறம் நூலோடு நின்றதனாலேயே இது கைகூடிற்று. இழையை உருவினால் அதன் நிறமும் உடன் நீங்கும். மேலே தீட்டிய துணியில் இக்கலை தோன்றியிராது.

5. மங்காமையும் மங்குதலும்

ஐரோப்பியர் விரும்பியது மங்காச் சிவப்பை. கூர்தூ என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் 1742இல் எழுதிய கடிதத்தில் சோழமண்டலச் சாயமுறைகளை விரித்துரைத்தார். வடமொழிக்கும் கிரேக்க இலத்தீன் மொழிகளுக்கும் உள்ள உறவை 1767இல் சுட்டியவரும் அவரே. இந்நாட்டுச் சிவப்பை ஒத்த துருக்கிச் சிவப்பினை 1785இல் கிளாஸ்கோவில் சாயமிடத் தொடங்கினர். அந்நூற்றாண்டின் இறுதியில் அந்நகரத்தார் 'புலிகட்' குட்டைகளையும் தாமே நெய்தனர். 1868இல் கிரேபே, லீபர்மான் என்னும் செருமானியர் வேரின் செஞ்சத்தை ஆய்வுக்கூடத்தில் ஆக்கினர். 1897இல் செயற்கை அவுரி விற்பனைக்கு வந்தது. வேரும் தாழியும் விலையிழந்தன.

1958ஆம் ஆண்டு நிகழ்ச்சி நம் கருத்தை வலியுறுத்தும். அமெரிக்கா சென்ற சென்னைக் கட்டத்துணி துவைத்தபோது சாயம் விட்டது, வாங்கியோர் முறையிட்டனர். வணிகரோ அக்குறையையே குணமாக்கி, சாயம் விடுதல் உறுதி என்று விளம்பரம் செய்தனர். துணி பெருவிலைக்குப் போயிற்று. சாயம் விடாமையால் புகழ்பெற்ற துணி, சாயம் விடுதலால் அதே பெயரோடு மீண்டும் புகழ்பெற்றது. நடுவில் மறைந்தது சாயக்காரர் கலை.

முடிவுரை

இதனாற் பெறப்படுவன இரண்டு. சரக்கின் பெயர் நிலைத்திருத்தல் தொழில் நிலைத்தமைக்குச் சான்றாகாது என்பது ஒன்று. பெயர் துறைமுகத்துக்கும் கோட்டைக்கும் போயிற்று. நூலைத் தோய்த்தவர்க்குப் போகவில்லை என்பது மற்றொன்று. அவர்தம் அறிவு காசா, தகரை, அவுரி, சாயவேர், பாவு, ஊடை என்னும் சொற்களிலேயே எஞ்சியுள்ளது. அகராதிகள் இவற்றுட் பலவற்றைச் செடிப்பெயர் என்று கூறி அமைகின்றன. தொழிலில் அவற்றுக்குரிய இடத்தைக் கூறுவதில்லை. தறியும் தாழியும் அறிந்த முதியோரிடமிருந்து இச்சொற்களை அவற்றின் வினைமுறையோடு தொகுத்தல் தமிழ் ஆராய்ச்சி மாணவர் உடனே மேற்கொள்ளத்தக்க பணியாகும்.