இரண்டு சேரி

கலைஞர் குடியிருக்கும் பகுதிக்கு வரிச்சலுகை என்றால் அமெரிக்காவைக் காட்டுகிறார்கள். ரோட் ஐலண்ட் மாநிலம் பிராவிடன்ஸ் நகரில் ஒரு பகுதியைக் குறித்து, அங்கே வாழும் கலைஞர் தன் படைப்பை விற்ற வருமானத்துக்கு 1990களில் வரியை நீக்கியது. நம்மிடம் இது ஆயிரம் வருஷத்துச் சங்கதி.

1014ல் ராஜராஜன், பல ஊர்க் கோயில்களிலிருந்து 400 ஆடற்பெண்களைக் கொண்டுவந்து தஞ்சாவூர் பெரிய கோயிலைச் சுற்றித் தளிச்சேரியில் குடிவைத்தான். ஆளுக்கு ஒரு வீடு, வருஷத்துக்கு 100 கலம் நெல். ஊர்கள் கட்டிய வரிதான் கோயிலுக்கு அந்த நெல்லாக வந்தது.

அதே கோயிலின் கல்வெட்டுகள், ஊர்களில் வரியில்லாத இடங்களை இறையிலி என்று அடுக்குகின்றன: கோயில், குளம், வாய்க்கால், பறைச்சேரி, சுடுகாடு. பறைச்சேரிக்கும் வரி இல்லை! சுடுகாட்டுக்குக் கிடைத்த அதே சலுகைதான். அங்கே குடியிருந்தவர்களுக்கு வீடுமில்லை, 100 கலமுமில்லை. ஒன்று தளிச்சேரி, இன்னொன்று பறைச்சேரி. சேரி என்ற சொல் மட்டும்தான் பொது.

எங்கள் விழுப்புரம், திண்டிவனம் பக்கம் ஊர் வேலைக்கென்று விட்ட துண்டு நிலத்துக்கு மானியம் என்று பேர். வேலையை விட்டா நிலமும் போச்சு. அப்புறம் சாவுக்கு அடிக்க மாட்டேன்னு எவன் சொல்லுவான்? சலுகையே கட்டிப்போடும் கயிறாக இருந்தது.

2017ல் வந்த ஜி.எஸ்.டி.யில், நாட்டுப்புறக் கலைஞர் ஒரு நிகழ்ச்சிக்கு 1,50,000 ரூபாய் வரை வாங்கினால் வரி கிடையாது. நாலு பேர் பங்கு போட்டுக்கற சாவுக்கூலியில அந்தச் சலுகைய எங்க போய்த் தேடறது?

வரியை விடுங்கள். முதலில் கூலி, அதோடு, அடிக்க மாட்டேன் என்று சொல்லும் உரிமை.