நான்காம் இடத்தின் பெருமை



பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் பயிலும் நம் மாணவர்கள் இங்கிலாந்துக் காற்பந்துக் குழுக்களின் பெயர்களைத் தடையின்றி ஒப்புவிப்பர். என் மனத்திற்கு உகந்த குழுவோ, நான் பிறப்பதற்கு முன்பே களம் கண்ட 1975ஆம் ஆண்டின் மலேசிய ஹாக்கிக் குழு.

அவ்வாண்டு மார்ச் மாதம் மூன்றாவது உலகக் கிண்ண ஹாக்கிப் போட்டி கோலாலம்பூரில் நடைபெற்றது. மலாய்க்காரரும் சீனரும் இந்தியரும் இணைந்து ஆடிய நம் குழுவுக்குத் தலைவர் என். ஸ்ரீ சண்முகநாதன். வலிமைமிக்க நெதர்லாந்தை வென்று அரையிறுதிக்குள் நுழைந்த அக்குழுவின் எதிரே நின்றது இந்தியா.

மலேசியா 2-1 என முன்னிலையில் இருந்தது. ஆட்டம் முடியும் தறுவாயில், மாற்று ஆட்டக்காரராக வந்த அஸ்லாம் ஷேர் கான் கோல் அடித்துச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் இந்தியா 3-2 என வென்றது. பின்னர் மெர்டேக்கா அரங்கில் பாகிஸ்தானை வீழ்த்திக் கிண்ணத்தையும் வென்றது. நமக்கு நான்காம் இடம். உலகக் கிண்ணத்தில் அதனினும் உயர்ந்த இடத்தை மலேசியா இன்றுவரை எட்டியதில்லை.

முன்னோர் நாடும் பிறந்த நாடும் மோதிய அவ்வாட்டத்தில் நம் குழு எது? சண்முகநாதன் அணிந்திருந்த சட்டையே அதற்கு விடை. வெற்றியாளர்களை உலகமே நினைவில் வைத்திருக்கும். இவர்களை நாம்தான் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.